பூங்குன்றனார் கண்ட புணை

போடிநாயக்கனூரை அடுத்த இராசிங்காபுரத்தார்க்கு மேற்கு மலைத்தொடர் அண்டை வீடு போன்றது. அம்மலையில் குரங்கணிப் பக்கம் மழை கொட்டினால், கொட்டகுடியாறு பாறைதோறும் மோதி நுரைத்து முழங்கி இறங்கும்.

இவ்வாறு கல்லிடை விரையும் நீரில் சிறு தோணி செலுத்துவது இன்று உலகப் போட்டி. 1972-இல் செருமனியின் ஆக்சுபர்க்கு நகரில் வெட்டிய கால்வாயொன்றில் முதன்முதலாக ஒலிம்பியப் போட்டியாக நடந்தது; 1992 முதல் ஒலிம்பியந்தோறும் நடக்கின்றது. மலைக்கு அப்பால் கோழிக்கோட்டு மாவட்டத்துக் கோடஞ்சேரியில், சாலிப்புழையில் மழைக்காலத்தே நடைபெறும் போட்டிக்கு அயல்நாட்டாரும் வருகின்றனர். நாளை இது தமிழகத்திற்கும் வரலாம். வருவதில் குற்றமில்லை. எந்தப் பெயரோடு வரும் என்பதே வினா.

அருவியை 'நீர்வீழ்ச்சி' ஆக்கிய மொழிபெயர்ப்பாளரிடம் விட்டால், இதனை 'வெள்ளைநீர்' ஆக்கிவிடுவர்! ஆங்கிலத்தில் அப்படித்தானே இருக்கின்றது! 'விரைபுனல்' என்றால் எவர்க்கு விளங்காது?

கணியன் பூங்குன்றனாரின் புறப்பாட்டு (192) முதலடியை மேடைதோறும் முழங்குவோர் அதன் கீழிறங்கிப் பார்ப்பதில்லை. மலைமழை பெருகிக் கல்லோடு மோதி ஒலிக்கும் பேராற்றில், நீரின் போக்கிலே செல்லும் புணையை ஆங்குக் காணலாம். ஈராயிரம் ஆண்டுக்கு முன்னரே விரைபுனலைக் கூர்ந்து நோக்கிய மொழிக்கு, அதைச் சொல்லச் சொல் இல்லையாம்!

'கயாக்' என்பது ஆங்கிலமுமன்று. வடமுனைப் பனிநாட்டு இனுயிட்டு மக்கள் சட்டங்கட்டிக் கடல்நாய்த் தோல் போர்த்திய மூடுதோணியின் பெயர் அது. 'கனூ' கரீபியத் தீவு மக்களின் சொல். செய்தவன் வைத்த பெயரை ஆங்கிலன் மதித்து ஏற்றான். நம் கட்டுமரத்தையும் அவ்வாறே பெயரோடு கொண்டுபோனான். தோணி, ஓடம், புணை, அம்பி, பஃறி என அடுக்கி வைத்திருக்கும் தமிழனோ தன் சொல்லைச் சொல்ல நாணுகின்றான்.

புகைக்கல் அருவியில் (ஒகேனக்கல் என்பாரும் உளர்) ஓடும் பரிசலும் அம்மூடுதோணிக்கு உறவே. மூங்கிற் பிளாச்சைப் பின்னி முன்னாளில் தோல் போர்த்தினர். அடி தட்டையாகலின் பாறைமேல் ஆழமற்ற நீரிலும் செல்லும். ஒற்றைத் துடுப்பால் அதனைச் சுழலினின்று மீட்கும் பரிசற்காரன், புதுப்போட்டி வந்தால் கரையில் நின்று பை சுமப்பவனாகிவிடலாகாது.

இது பெயர்ப் பூசல் மட்டுமன்று. 2018 மார்ச்சு 11-ஆம் நாள் குரங்கணிக் காட்டுத்தீயில், மலையேற வந்த வெளியூரார் இருபதின்மருக்கு மேல் மாண்டனர். கொட்டகுடியாறும் அத்தகைத்தே: இராசிங்காபுரத்தில் வெயிலடிக்கும்போதே மேலே பெய்த மழை வெள்ளமாய் வந்து சேரலாம். அதனை அறிந்தவர் கரையில் வாழ்பவரே. அவ்வறிவு அவர் பேசும் மொழியில் உள்ளது. ஆகலின் அவ்வாற்றில் என்றேனும் தோணி இறக்க எண்ணுவோர், முதலில் அவர்களை அழைத்து ஆற்றின் இயல்பைக் கேட்கட்டும். இடர்க்குறிப்புப் பலகையையும் அவர்கள் படிக்கும் தமிழில் எழுதட்டும்.