உத்தியோகம் மாறலாம்

திருகோணமலை இந்துக் கல்லூரியின் பொறுப்பை 1925ஆம் ஆண்டில் இராமகிருஷ்ண மிஷன் ஏற்றுக்கொண்டபோது, அதை நடத்த வந்த துறவிக்கு வயது முப்பத்து மூன்று. காரைதீவிலே மயில்வாகனனாகப் பிறந்து, கொழும்பில் விஞ்ஞானம் பயின்று, மதுரைத் தமிழ்ச் சங்கத்துப் பண்டிதர் பரீட்சையில் தேறி, இலண்டன் பல்கலைக்கழகத்துப் பட்டமும் பெற்று, மானிப்பாய் இந்துக் கல்லூரியின் அதிபர் ஸ்தானம் வரை உயர்ந்து, அந்தச் சௌகரியங்களையெல்லாம் 1922இல் உதறிவிட்டு மயிலாப்பூர் மடத்துக்குப் போய்ச் சேர்ந்த சுவாமி விபுலாநந்தரே அவர்.

அவருடைய வாழ்க்கைக் குறிப்பை ஓர் உத்தியோக விண்ணப்பமாகக் கருதி வாசிப்பவன், இவர் எங்கும் நிலைத்து நிற்காத மனிதர் என்றுதான் தீர்ப்புச் சொல்வான். விஞ்ஞான ஆசிரியர், அதிபர், பத்திராசிரியர், கல்லூரி முகாமையாளர், 1931இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் தமிழ்ப் பேராசிரியர், பின்னர் இமயச் சாரலில் மாயாவதியில் இருந்துகொண்டு 'பிரபுத்த பாரதம்' என்ற ஆங்கிலச் சஞ்சிகையின் ஆசிரியர், 1943இல் இலங்கைப் பல்கலைக்கழகத்தின் முதல் தமிழ்ப் பேராசிரியர் என்று அந்த வரிசை நீண்டுகொண்டே போகிறது. ஆயினும் ஒவ்வோரிடத்திலும் அவர் செய்தது என்ன என்று பார்த்தால், வேலை ஒன்றேதான்: அறிவு யாருக்கு எட்டாமல் இருந்ததோ அவர்களுடைய வாசலுக்கு அதைக் கொண்டுபோய்ச் சேர்ப்பது.

சிதம்பரத்தில் பேராசிரியராய் இருந்த காலத்தை மாத்திரம் சற்றே நின்று பார்க்கலாம். பகலில் சர்வகலாசாலையிலே இலக்கியம் போதித்தவர், மாலையானதும் பக்கத்துத் திருவேட்களத்துச் சேரிக்கு நடந்து போய், அங்கிருந்த பிள்ளைகளுக்கு எழுத்தறிவித்தார். பேராசிரியர் பதவி அவரிடம் எதிர்பார்த்த காரியமன்று அது. பதவியின் கௌரவத்துக்குக் குறைவு என்று நினைத்தவர்களும் இருந்திருப்பார்கள். 1929இல் மட்டக்களப்புக் கல்லடி உப்போடையில் தம் குருவின் பெயரால் சிவாநந்த வித்தியாலயத்தைத் திறந்தவர், சிதம்பரத்துக்குப் போன பின்னும் அதே மனிதராகவே இருந்தார் என்பதற்கு அந்த மாலை நேரத்துப் பாடங்களே பிரத்தியட்சச் சான்று.

இக்காலத்து இளைஞர்களுக்கு நடத்தப்படும் பயிற்சிப் பட்டறைகளில், ஒரு தாளைக் கொடுத்து, 'உங்கள் வாழ்க்கையின் ஆதார விழுமியங்கள் பத்தினை எழுதுங்கள்' என்று சொல்லும் வழக்கம் பரவியிருக்கிறது. நேர்மை, குடும்பம், சுதந்திரம், சேவை என்று எல்லோரும் ஒரே மாதிரி எழுதிக் கொடுத்துவிட்டுத் தேநீருக்கு எழுந்து போகிறார்கள். அயலார் மெச்ச வேண்டும் என்ற ஆசை, அடுத்த வீட்டான் முந்திவிடுவானோ என்ற பயம் ஆகிய இரண்டையும் எந்தத் தாளிலும் நான் கண்டதில்லை. நம்மிற் பெரும்பாலோருடைய ஜீவியத்தை நடத்திச் செல்லும் சக்திகள் என்னவோ அவைதாம். ஒருவனுடைய விழுமியம் அவன் எழுதுகிற தாளில் இல்லை. யாரும் கேளாத, சம்பளமும் இல்லாத எந்தக் காரியத்துக்காக அவன் பொழுதைச் செலவிடுகிறான் என்பதில் இருக்கிறது.

திருகோணமலை டச்சுக் குடாக் கரையில் ஒரு காலை கரைவலை இழுத்து முடிந்து, மீனைப் பங்கு போடுவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். வியாபாரி விலை பேசத் தொடங்கு முன்னர், தலைமை வகித்த முதியவர் ஒரு சிறு குவியலைப் புறத்தே தள்ளி வைத்தார். யாருக்கென்று கேட்டபோது, காய்ச்சலாய்ப் படுத்துக் கிடந்த ஒருவன் பெயரைச் சொன்னார். "அவன் நேற்றும் வரேல்லைத்தானே அண்ணே?" என்று பக்கத்தில் நின்ற ஓர் இளைஞன் முணுமுணுத்ததற்கு, "வலையிலே அவன்ர கையும் இருக்கு, தம்பி" என்பதே மறுமொழி. இதற்கு மேல் உபதேசம் எதுவும் நடக்கவில்லை. மீன் அன்று குறைவு என்பதையும் நான் சொல்லியாக வேண்டும். நிறையக் கிடைத்த நாளில் தள்ளி வைத்திருந்தால் இதை எழுதியிருக்கமாட்டேன்.

இப்படிக் கொடுப்பதற்கு ஒரு நட்டமும் உண்டு; விபுலாநந்தரிடத்தும் அந்தக் கணக்கு எளிதாக முடியவில்லை. சிலப்பதிகாரத்து அரங்கேற்று காதையிலே யாழாசிரியனைப் பற்றிய சில அடிகளுக்குப் பொருள் காணப் புகுந்து, வழக்கொழிந்த அந்தக் கருவியின் நரம்புகளையும் சுருதிகளையும் கணிதத்தாலும் பௌதிக சாஸ்திரத்தாலும் மீட்டெடுக்க முயன்ற 'யாழ் நூல்', பள்ளிக்கூட நிர்வாகத்துக்கும் பிரயாணத்துக்கும் இடையே நெடுங்காலம் இழுபட்டு, 1947 ஜூன் மாதத்தில்தான் திருக்கொள்ளம்பூதூரில் அரங்கேறியது. ஒன்றரை மாதம் சென்று, ஜூலை 19ஆந் தேதி, அவர் மறைந்தார். பள்ளிக்கூடங்களை விட்டுவிட்டு நூலோடு மாத்திரம் உட்கார்ந்திருந்தால் இன்னும் பல நூல்கள் நமக்குக் கிடைத்திருக்கும் என்று வருந்துகிற அறிஞர்கள் உண்டு. அவர்கள் சொல்வதில் நியாயமும் உண்டு. கொள்கை என்பது நட்டமில்லாத வியாபாரம் என்று பட்டறைகளிலே சொல்லிக் கொடுப்பதுதான் பிழை.

திருகோணமலை துறைமுகத்து ஊராகையால், இங்கிருந்து புறப்பட்டுப் போவது எமக்குப் புதிதன்று. யுத்தத்தால் போனவர்களும் உண்டு, உத்தியோகத்தால் போனவர்களும் உண்டு. ஊரை விட்டுப் போனதனாலேயே ஒருவன் தன் வேரை இழந்தான் என்று பேசுவது சோம்பேறித்தனமான பேச்சு. விபுலாநந்தர் ஊரிலே இருந்ததைக் காட்டிலும் ஊருக்கு வெளியே இருந்த வருஷங்கள்தாம் அதிகம். கனடாவிலும் இங்கிலாந்திலும் இருக்கும் பழைய மாணவர்கள் தாம் படித்த பள்ளிக்கூடங்களுக்குக் கட்டடம் எழுப்பப் பணம் அனுப்புகிறார்கள், கல்வெட்டில் பெயரும் பதிகிறது. அதிலே குறை சொல்ல எதுவுமில்லை. ஆனால் கணிதத்துக்கும் விஞ்ஞானத்துக்கும் ஆசிரியர் போதாமல் திண்டாடுகிற பாடசாலைகள் மூதூர், ஈச்சிலம்பற்றுப் பக்கங்களில் இருக்க, வாரத்தில் ஒரு மணித்தியாலம் கைத்தொலைபேசி வழியாகப் பாடம் சொல்லிக்கொடுக்க முன்வருகிறவர்கள் விரல்விட்டு எண்ணத்தக்கவர்களே. பணத்தைத் தருவது அவர்களுக்கு இலேசு, மணித்தியாலத்தைத் தருவது கஷ்டம். திருவேட்களத்துக்கு மாலைதோறும் நடந்தவர் அங்கே கொடுத்தது பணத்தையன்று, பொழுதைத்தான்.