கட்டணப் பங்கு நம் கோரிக்கை அல்ல

யூடியூப், நெட்ஃபிளிக்ஸ் போன்றவை தங்கள் டிராஃபிக்கைச் சுமக்கும் நெட்வொர்க்குகளுக்குப் பணம் தர வேண்டும் என்ற குரல் இந்தியாவில் சில ஆண்டுகளாக வலுத்துவருகிறது. ஜியோ, ஏர்டெல், வோடஃபோன் ஐடியா ஆகியவை உறுப்பினர்களாக உள்ள சிஓஏஐ சங்கம் இதை 'நியாயமான பங்கு' என்கிறது. சிறிய ஊர்களில் ஃபைபர் இழுத்துப் பிராட்பேண்ட் தரும் நம்மவர்களில் சிலரும் இதை ஆமோதிக்கிறார்கள். பெரியவர்களுக்குக் கிடைத்தால் நமக்கும் கொஞ்சம் வராதா என்பது அவர்கள் கணக்கு. வராது. வராததோடு, நம்மிடம் இருப்பதும் போகும்.

இந்தச் சோதனையைத் தென் கொரியா ஏற்கெனவே செய்து பார்த்துவிட்டது. 2016-இல் அங்கே பெரிய ஐஎஸ்பிகளுக்கு இடையே புதிய கணக்கு முறை வந்தது: டிராஃபிக்கை அனுப்புபவர், பெறுபவருக்குப் பணம் கட்ட வேண்டும். அப்போது ஃபேஸ்புக்கின் கேச் சர்வர் கேடி நிறுவனத்தின் நெட்வொர்க்கில் இருந்தது. எஸ்கே பிராட்பேண்ட், எல்ஜி யூபிளஸ் வாடிக்கையாளர்களுக்கும் ஃபேஸ்புக் டிராஃபிக் அங்கிருந்தே போனது. புதிய முறைப்படி கேடி 'அனுப்புபவர்' ஆகிவிட்டது. தன் போட்டியாளர்களுக்கே பணம் கட்டும் நிலை. அந்தச் செலவை அது ஃபேஸ்புக்கிடம் கேட்டது. ஃபேஸ்புக் மற்ற இரு நிறுவனங்களின் டிராஃபிக்கை வெளிநாட்டு சர்வர்களுக்குத் திருப்பிவிட்டது. வேகம் சரிந்து, வாடிக்கையாளர்கள் கொதித்தார்கள். 2018-இல் அந்நாட்டு ஆணையம் ஃபேஸ்புக்குக்கு 39.6 கோடி வோன் அபராதம் விதித்தது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், 2023 டிசம்பரில் ஃபேஸ்புக் பக்கம் தீர்ப்பானது. அடுத்த பிப்ரவரியில் நேரலை வீடியோ தளமான ட்விட்ச் கொரியாவை விட்டே வெளியேறியது. பெரும்பாலான நாடுகளைவிட அங்கே நெட்வொர்க் கட்டணம் பத்து மடங்கு என்பது அது சொன்ன காரணம்.

இதில் நாம் கவனிக்க வேண்டியது கேடிக்கு நேர்ந்த கதி. கேச் சர்வரைத் தன் ரேக்கில் வைத்திருந்தவருக்கே நஷ்டம்.

இரவு ஒன்பது மணிக்கு உங்கள் என்ஓசி திரையில் இரண்டு கிராஃபையும் அருகருகே வைத்துப் பாருங்கள். வாடிக்கையாளர் பக்கம் கோடு செங்குத்தாக ஏறும். கேச் பெட்டி இருக்கும் நெட்வொர்க்கில் அப்லிங்க் பக்கம் அதே வேகத்தில் ஏறாது. ஒருவர் பார்த்த வீடியோ அடுத்தவருக்கு ரேக்கிலிருந்தே போகிறது. போதிய டிராஃபிக் இருந்தால் கூகுளும் நெட்ஃபிளிக்ஸும் அந்தப் பெட்டியை இலவசமாகவே தருகின்றன. இடமும் கரண்டும் மட்டும் நம்முடையவை. இதைவிட நல்ல 'பங்கு' எந்தச் சட்டம் போட்டாலும் நமக்குக் கிடைக்கப்போவதில்லை. கட்டணப் பேச்சுவார்த்தை என்று வந்தால், கோடிக்கணக்கில் சந்தாதாரர் வைத்திருப்பவரை அழைத்து எதிரே உட்கார வைப்பார்கள். ஐயாயிரம் கனெக்‌ஷன் வைத்திருப்பவரை யாரும் அழைக்கமாட்டார்கள்.

இன்னொரு உண்மையும் உண்டு. நமக்கு அப்லிங்க் விற்கும் நிறுவனங்களில் பல, அதே தெருவில் நம் வாடிக்கையாளரின் வீட்டுக் கதவையும் தட்டுகின்றன. இன்று அவர்கள் நம் டிராஃபிக்கைத் தனியாகப் பிரித்து மந்தமாக்க முடியாதபடி தடுத்து நிற்பது அரசின் விதிதான். 2016 பிப்ரவரி 8 அன்று டிராய் பாரபட்சமான டேட்டா கட்டணத்துக்குத் தடை போட்டது. சில தளங்களை மட்டும் இலவசமாகத் தந்த ஃபேஸ்புக்கின் ஃப்ரீ பேசிக்ஸ் அதோடு இந்தியாவில் முடிந்தது. 2018-இல் தொலைத்தொடர்புத் துறை, தடுப்பது, வேகம் குறைப்பது, சிலருக்கு மட்டும் முன்னுரிமை தருவது ஆகியவை கூடாது என்ற இணையச் சமநிலைக் கொள்கையை உரிம நிபந்தனையிலேயே சேர்த்தது. கேச் பெட்டி போன்ற உள்ளடக்க விநியோக ஏற்பாடுகளுக்கு அதில் விலக்கும் உண்டு. ஆகவே, 'அரசு தலையிடாமல் இருந்தாலே போதும்' என்று நம் கூட்டங்களில் எழும் கோஷத்தை நான் ஏற்கவில்லை. தலையீடு போனால் முதலில் அடிபடுவது நாம்தான்.

எல்லா விதியும் நல்ல விதி என்றும் சொல்லவில்லை. மாவட்ட அளவில் சேவை 24 மணி நேரத்துக்கு மேல் முடங்கினால் வாடிக்கையாளருக்குக் கட்டணத்தில் கழிவு தர வேண்டும் என்கிற டிராயின் 2024 விதி நியாயமானது. ஆனால் ஐபிவி4 முகவரி போதாமல் சிஜிநாட் போட்டுச் சமாளிக்கும் ஒரு சி பிரிவு ஆபரேட்டர், போர்ட் எண் வரை லாக் எடுத்து ஆண்டுக்கணக்கில் சேமிக்க வேண்டும். சைபர் சம்பவம் நடந்தால் ஆறு மணி நேரத்துக்குள் செர்ட்-இன்னுக்குத் தெரிவிக்க வேண்டும். ஸ்ப்ளைசிங் முதல் பில்லிங் வரை நாலு பேரே பார்க்கும் நிறுவனத்துக்கும் நாடு தழுவிய நிறுவனத்துக்கும் இங்கே ஒரே அளவுகோல். கம்பிவழிப் பிராட்பேண்ட் வருமானத்துக்கு உரிமக் கட்டண விலக்கு தரலாம் என்று 2021 ஆகஸ்டில் டிராயே பரிந்துரைத்தது. நாம் போராட வேண்டிய இடங்கள் இவை.

இப்போதைக்கு அவசரமான வேலை ஒன்று இருக்கிறது. 2023 தொலைத்தொடர்புச் சட்டம் பழைய உரிமங்களுக்குப் பதிலாக அங்கீகார முறையைக் கொண்டுவருகிறது. அந்தச் சட்டத்தில் இணையச் சமநிலைக்கென்று தனிப் பிரிவு கிடையாது. உரிம நிபந்தனையில் மட்டும் இருந்த பாதுகாப்பு, அங்கீகார விதிகளில் வார்த்தை குறையாமல் ஏறியாக வேண்டும். அமெரிக்காவில் 2015-இல் வந்த இணையச் சமநிலை விதி 2017-இல் நீக்கப்பட்டு, 2024-இல் திரும்பி வந்து, 2025 ஜனவரி 2 அன்று மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் விழுந்தது. அப்படி விதிக்க அந்நாட்டுத் தொலைத்தொடர்பு ஆணையமான எஃப்சிசிக்குச் சட்டம் அதிகாரம் தரவில்லை என்றது நீதிமன்றம். நாடாளுமன்றம் தெளிவாக எழுதாததை ஆணையம் எழுதினால் அதற்கு ஆயுள் உத்தரவாதம் இல்லை.

அங்கீகார விதிகள் குறித்துத் தொலைத்தொடர்புத் துறைக்கும் உங்கள் தொகுதி நாடாளுமன்ற உறுப்பினருக்கும் எழுதுங்கள். சங்கம் எழுதட்டும் என்று காத்திருக்க வேண்டாம். அப்லிங்க் செலவு, கேச் மூலம் மிச்சமாகும் அளவு, லாக் சேமிப்புக்கு ஆகும் தொகை ஆகிய மூன்றையும் உங்கள் சொந்தக் கணக்கிலிருந்தே குறிப்பிடுங்கள்.