எலி எதைத் தவறவிட்டது?

வித்துராவில் அறிவியல் கல்வி, ஆராய்ச்சி நிறுவனம் இருப்பதால், இங்குத் தேநீர்க் கடையில்கூட மூளையைப் பற்றிய பேச்சு காதில் விழும். அண்மையில் விழுந்த ஒரு தொடர்: “மருந்து கொடுத்தபின் எலிக்குக் கவனம் குறைந்துவிட்டது.” முதுகலையில் மொழியியல் பயின்றவன் என்பதால், அந்த வினைமுற்றிலேயே நின்றுவிட்டேன். குறைந்தது எது?

எலியின் கவனத்தை அளக்கப் பரவலாகக் கையாளப்படும் சோதனை, 1983இல் கேம்பிரிட்ஜில் டிரெவர் ராபின்ஸ் குழுவினர் வெளியிட்ட ஐந்து துளைச் சோதனை. பெட்டியின் வளைந்த சுவரில் ஐந்து துளைகள். ஏதேனும் ஒன்றில் அரை நொடி அளவே விளக்கு எரியும். அந்தத் துளையில் மூக்கை நுழைத்தால் எதிர்ச்சுவரில் உணவு உருண்டை விழும். பிழைத்தால் சில நொடி இருட்டு. இதைக் கற்பிக்கவே வாரக்கணக்கில் ஆகும்.

இங்கே கருவி பதிவுசெய்வது மூக்கின் அசைவை மட்டுமே. “கவனம்” என்பது நாம் இடும் பெயர். விளக்கு எரிந்தும் எலி அசையாமல் இருந்தால் அது தவறவிட்ட முறையாகக் கணக்கில் சேரும். ஆனால் வயிறு நிறைந்த எலியும் அசையாது. நோயுற்ற எலியும் அசையாது. (அதற்காகவே அவற்றை அரைப்பசியில் வைக்கிறார்கள் என்பது தனிக் கசப்பு.) சரியான விடைக்குப்பின் உணவை எடுக்க எலி எவ்வளவு நேரம் எடுத்துக்கொள்கிறது என்றும் பார்த்தாக வேண்டும். அதிலும் தாமதித்தால், மங்கியது கவனமா, பசியா, உடலா என்று ஐயுற வேண்டும். விளக்கு எரியும் முன்பே மூக்கை நுழைத்தால் அதற்கு “மனக்கிளர்ச்சி” என்று பெயர். ஆர்வக்கோளாறு என்று என் பாட்டி சொல்லியிருப்பார்.

எலி இரவில் விழித்திருக்கும் உயிர். ஒளிச்சுழற்சியை மாற்றியமைக்காமல் பகலில் சோதித்தால், அதன் தூக்க வேளையில் தேர்வு வைக்கிறோம். 2014இல் மெக்கில் பல்கலைக்கழகத்தினர், ஆண் ஆய்வாளரின் வாடையே எலிகளுக்கு மன அழுத்தம் தருவதைக் காட்டினர். சோதித்தவர் யார் என்பதை எத்தனை கட்டுரைகள் எழுதுகின்றன?

இது சொல்விளையாட்டன்று. கவனக்குறைவுக் கோளாறு உடையவர்கள் எனப் பள்ளிகள் சுட்டும் குழந்தைகளைப் பற்றிய விவாதத்துக்கு இதே பெட்டிகளிலிருந்தும் சான்றுகள் வருகின்றன. தமிழில் “கவனித்தல்” விருந்தோம்பலும் ஆகும், கையூட்டும் ஆகும். சூழல் பார்த்தே பொருள் கொள்கிறோம். ஆய்வறிக்கையில் மட்டும் ஏன் ஒரே பொருள்?

ஆகவே நண்பர்களே, “கவனம் குறைந்தது” என்று எழுதாதீர்கள். “தவறவிட்ட முறைகள் கூடின, உணவெடுக்கும் நேரம் மாறவில்லை” என்று எழுதுங்கள். நீளம்தான்; மேற்பார்வையாளர் முகம் சுளிப்பார்.