குழந்தையைப் பிடித்தது பேயா, பயமா?

நம் கொங்கு நாட்டில் ஒரு குழந்தைக்குக் காய்ச்சல் வந்தால் டாக்டரிடம் கொண்டு போகிறார்கள். கால் முறிந்தால் கட்டுப் போடுகிறார்கள். ஆனால், அதே குழந்தை மனதில் ஒரு பயம் புகுந்து, நாளெல்லாம் கையைக் கழுவிக்கொண்டும், பூட்டிய கதவைப் பத்துத் தடவை இழுத்துப் பார்த்துக்கொண்டும், "அம்மா, உனக்கு ஒன்றும் ஆகாதே?" என்று ஓயாமல் கேட்டுக்கொண்டும் இருக்குமானால், அப்போது மாத்திரம் பூசாரியும், குறி சொல்பவனும், தாயத்துக்காரனும் டாக்டர்களாகிவிடுகிறார்கள். உடம்பு ஆஸ்பத்திரிக்கு, மனது உடுக்கைக்காரனுக்கு என்று பங்கு பிரித்துக் கொடுத்தவர் யார் என்று கேட்கிறோம்.

சில மாதங்களுக்கு முன் அவிநாசிப் பக்கம் ஒரு கூட்டத்திற்குப் போயிருந்த போது, நமது தோழர் ஒருவர் வீட்டில் இராத் தங்கினோம். அவருடைய பையனுக்கு ஏழு வயது. கழுவிக் கழுவிக் கையின் தோல் வெடித்திருந்தது. பாட்டியம்மாள் காத்துக் கருப்பு என்று சொல்லி, மூன்று கோயில் கயிறுகளைக் கட்டியிருந்தார். தோழர் அவற்றை அறுத்தெறிந்துவிட்டதாகப் பெருமையுடன் சொன்னார். சந்தோஷந்தான். ஆனால், பிறகு என்ன செய்தார்? "சுயமரியாதைக்காரன் வீட்டுப் பிள்ளை இப்படிச் செய்வதா?" என்று பிரம்பை எடுத்தார். பாட்டியின் கயிற்றைவிடத் தகப்பனின் பிரம்பு எந்த விதத்தில் பகுத்தறிவு என்று கேட்டோம். பதில் இல்லை.

தோழர்களே! இது பேயுமல்ல, பிடிவாதமுமல்ல. இது எண்ணச் சுழற்சி நோய் என்னும் ஒரு வியாதி. நூறு பேரில் ஒருவர் இருவருக்காவது வாழ்நாளில் வரக்கூடியது. சிறு வயதிலேயே தொடங்கக்கூடியது. இரண்டு மூன்று வயதுக் குழந்தை, அதே தட்டில்தான் சோறு வேண்டும், அதே கதையைத்தான் சொல்ல வேண்டும் என்று அடம் பிடிப்பது வியாதியல்ல, அது வளர்ச்சி. ஆனால், இந்தச் செய்கைகள் நாளொன்றுக்கு ஒரு மணி நேரத்திற்கு மேல் தின்று, பள்ளிக்கூடத்தையும், சாப்பாட்டையும், தூக்கத்தையும் கெடுத்து, குழந்தை தானே "நிறுத்த முடியவில்லையே" என்று அழுமானால், டாக்டரிடம் காட்டியே தீர வேண்டும்.

இந்த வியாதி நடக்கிற விதத்தைக் கவனியுங்கள். ஒரு பயம் எழுகிறது. கழுவினால் பயம் சற்று அடங்குகிறது. அடங்கிய சுகமே, "கழுவியதால்தான் தப்பினாய்" என்று மனதிற்குப் பாடம் சொல்கிறது. அடுத்த தடவை பயம் பெரிதாக வருகிறது. சிரங்கைச் சொறிவது போலத்தான். சொறியும்போது சுகம், பிறகு புண்.

ஜோசியனுடைய பரிகாரமும் இதே யந்திரந்தான் அல்லவா? தோஷமென்று பயமுறுத்துகிறான், பரிகாரம் செய்ததும் மனம் சாந்தியடைகிறது, அடுத்த பெயர்ச்சிக்கு மறுபடி அவன் வீட்டு வாசலில் நிற்கிறோம். இந்த வியாதிக்காரரின் செய்கைகளுக்கும் மதச் சடங்குகளுக்கும் உள்ள ஒற்றுமையை சிக்மண்ட் பிராய்ட் என்ற டாக்டர் 1907-லேயே எழுதினார். ஆனால் நியாயத்தை மறைக்க மாட்டோம். வியாதியைக் கோயில் உண்டாக்கவில்லை. நாஸ்திகன் வீட்டிலும் அது வருகிறது. வந்த பயத்திற்குச் சட்டை தைத்துக் கொடுப்பதுதான் நம் வீட்டுத் தீட்டும், கண்ணேறும், சாமி குத்தமும். "அதைத் தொடாதே, தீட்டு" என்று தினம் நூறு தடவை சொல்லி வளர்த்துவிட்டு, பையன் கையைக் கழுவினால் பேய் பிடித்தது என்பது என்ன யோக்கியதை?

சரி, பெற்றோர் செய்ய வேண்டியது என்ன? முதலாவது, அடிக்காதீர்கள், பரிகாசம் செய்யாதீர்கள். பிரசங்கமும் செய்யாதீர்கள். அர்த்தமற்ற செய்கையென்று அநேகமாகக் குழந்தைக்கே தெரியும். தெரிந்தும் நிறுத்த முடியாததுதான் வியாதி. இரண்டாவது, பயத்திற்குக் கூலி கொடுக்காதீர்கள். "ஒன்றும் ஆகாது" என்று ஐம்பது தடவை பதில் சொல்லும் தாய் அன்பினால்தான் சொல்கிறாள்; ஆனால், அந்தப் பதில் பயத்துக்குத் தீனி. ஒரு தடவை சொல்லிவிட்டு, "இப்போது கேட்பது நீயல்ல, உன் பயம், நான் பக்கத்தில் இருக்கிறேன், பொறுத்துக்கொள்" என்று சொல்ல வேண்டும். ஒரே நாளில் எல்லாவற்றையும் நிறுத்தக் கூடாது. சிறிது சிறிதாகவே குறைக்க வேண்டும்.

வைத்தியமும் இப்படித்தான். பழகிய மருத்துவர், குழந்தை அஞ்சும் பொருளைப் படிப்படியாகத் தொடச் செய்து, கழுவாமல் பொறுக்கப் பழக்குகிறார். அமெரிக்காவில் 112 பிள்ளைகளை வைத்து நடத்தி 2004-ல் வெளியிட்ட சோதனையில், பன்னிரண்டு வாரத்தில் இந்தப் பழக்கமும் மருந்தும் சேர்ந்து பெற்றவர்களில் நூற்றுக்கு 54 பேரும், பழக்கம் மாத்திரம் பெற்றவர்களில் 39 பேரும், மருந்து மாத்திரம் உண்டவர்களில் 21 பேரும் வியாதி நீங்கினார்கள். மருந்தில்லாத வெறும் மாத்திரை உண்டவர்களில் நூற்றுக்கு 4 பேருக்கும் குறைவே. தாயத்துக்கும் அந்த வெறும் மாத்திரைக்கும் என்ன வித்தியாசம்? வெறும் மாத்திரை ஆடு கேட்பதில்லை, கோழி கேட்பதில்லை, அவ்வளவுதான்.

காசில்லையே என்று சொல்ல வேண்டாம். கோயமுத்தூர் அரசு மெடிக்கல் காலேஜ் ஆஸ்பத்திரியில் மனநலப் பகுதி இருக்கிறது. 2022 அக்டோபரில் சர்க்கார் தொடங்கிய டெலி மானஸ் என்னும் 14416 எண்ணில், இரவு பகல் எந்நேரமும், காசில்லாமல், தமிழிலேயே பேசலாம்.

மனது கெட்டவர்களை டாக்டரிடம் விடாமல் தெய்வத்திடம் விட்டால் என்ன ஆகுமென்பதற்கு ஏர்வாடி இருக்கிறது. 6-8-2001 அன்று அங்கே ஒரு காப்பகக் கொட்டகையில் தீப்பிடித்தபோது, சங்கிலியில் கட்டப்பட்டிருந்தவர்கள் ஓட முடியாமல் வெந்தார்கள். மாண்டவர் 28 பேர். எந்தச் சாமியும், எந்த மகானும் ஒரு பூட்டைக்கூடத் திறக்கவில்லை. 2017-ம் வருஷத்து மனநலச் சட்டம்தான் சங்கிலி கூடாதென்றது. அதுவும் மனிதன் செய்தது.

நமது அவிநாசித் தோழர் பிரம்பை முறித்துப் போட்டார். பாட்டியம்மாளே பேரனைக் கைப்பிடித்துக் கோயமுத்தூருக்குப் பஸ் ஏறினாராம். கயிற்றை அறுப்பது பாதி வேலை. அறுத்த கையால் குழந்தையின் கையைப் பிடித்துக்கொள்வதுதான் மீதி வேலை. அதைச் செய்யாத பகுத்தறிவு நமக்கு வேண்டியதில்லை.