கொப்பளித்துத் துப்பும் முன்

மாம்பழ சீசனில் பங்காருபாளையத்துக்குத் தூக்கம் கிடையாது. சித்தூருக்கும் பலமனேருக்கும் நடுவே இருக்கும் இந்த ஊரின் மார்க்கெட்டில் தோத்தாபுரி (தமிழ்நாட்டில் கிளிமூக்கு) மலையாகக் குவியும். டிராக்டர்களும் லாரிகளும் வரிசை கட்டும். காத்திருப்பவர்களுக்கு டீ, பீடி, புகையிலைதான் துணை. வாய் நாற்றத்துக்கு முன்பெல்லாம் வேப்பங்குச்சியும் உப்புத் தண்ணீரும் போதும். இப்போது மருந்துக் கடையில் நீலத்திலும் பச்சையிலும் மவுத்வாஷ் பாட்டில்கள் வரிசையாக நிற்கின்றன. வாங்குகிறவர்களில் லேபிளைப் படிப்பவர்கள் குறைவு. எல்லா பாட்டிலும் ஒரே வேலையைச் செய்வதில்லை என்பதால் படிப்பது அவசியம்.

பல் டாக்டர்கள் சீட்டில் எழுதித் தருவது பெரும்பாலும் குளோர்ஹெக்சிடின். இந்தியாவில் வழக்கமான அளவு 0.2 சதவிகிதம். இதன் மூலக்கூறு நேர்மின்னூட்டம் கொண்டது; பாக்டீரியாவின் மேலுறை எதிர்மின்னூட்டம் கொண்டது. ஒட்டிக்கொண்டதும் உறை கிழிகிறது. பல்லிலும் ஈறிலும் கூட ஒட்டிக்கொண்டு, மணிக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாகக் கசிவதுதான் இதன் பலம். தினம் இருமுறை கொப்பளித்தாலே பல்லில் பாக்டீரியாப் படலம் (பிளேக்) படிவதைத் தடுக்கலாம் என்று 1970இல் ஹரால்ட் லோவும் ஷியோட்டும் காட்டினார்கள்.

ஆனால் பற்பசையில் நுரை வரச் சேர்க்கும் சோடியம் லாரைல் சல்பேட் எதிர்மின்னூட்டம் கொண்டது. துலக்கிய கையோடு கொப்பளித்தால் இரண்டும் பிணைந்து மருந்து வீணாகும். அரை மணி நேரமாவது இடைவெளி வேண்டும். தொடர்ந்து உபயோகித்தால் பல்லில் பழுப்புக் கறை படியும், நாக்கு ருசி மாறும். டீ பிரியர்களுக்குக் கறை இன்னும் சீக்கிரம். டாக்டர் சொன்ன நாட்களுக்கு மேல் இது வேண்டாம்.

இரண்டாவது வகை, வாசனை எண்ணெய்கள். 1879இல் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் ஜோசப் லாரன்ஸ் உருவாக்கிய லிஸ்டரின் இந்த ரகம். அதிலுள்ள தைமால் வேறெதுவுமல்ல, நம் வீட்டு ஓமத்தின் காரம். யூகலிப்டால் தைல மரத்தில் இருப்பது. மெத்தில் சாலிசிலேட் வலித் தைலங்களில் மணப்பது. இவையும் பாக்டீரியாவின் உறையைச் சிதைக்கின்றன. எண்ணெய் தண்ணீரில் கரையாததால் பழைய தயாரிப்புகளில் ஆல்கஹால் சேர்த்தார்கள். அது வாயை எரிக்கும், உலர்த்தும். வாய்ப்புண் உள்ளவர்கள் ஆல்கஹால் இல்லாததைக் கேட்டு வாங்கலாம்.

லேபிளில் துத்தநாக உப்பு இருந்தால், நாற்றத்துக்குக் காரணமான கந்தக வாயுக்களை அது பிணைத்துவிடும். சாக்கரின், சார்பிட்டால் இனிப்புக்கு. நிறம் கண்ணுக்கு.

கவனமாகப் பார்க்க வேண்டியது ஃப்ளோரைடு. பல் எனாமலில் கரைந்துபோன தாதுவைத் திரும்பப் படியவைத்துச் சொத்தையைத் தடுக்கிறது. தினசரி உபயோகத்துக்கானதில் சோடியம் ஃப்ளோரைடு 0.05 சதவிகிதம், அதாவது லிட்டருக்கு சுமார் 225 மில்லிகிராம் ஃப்ளோரைடு. குடிநீரில் உலக சுகாதார நிறுவனம் அனுமதிப்பது 1.5 மில்லிகிராம்தான். துப்பினால் நன்மை, விழுங்கினால் தொல்லை. பக்கத்து நெல்லூரில் கிணற்று நீர் ஃப்ளோரைடு எலும்பையும் பல்லையும் பாதித்ததை 1937இலேயே ஷார்ட்டும் அவரது சகாக்களும் பதிவு செய்தார்கள். நீரில் ஃப்ளோரைடு மிகுந்த ஊர்களில் டாக்டரைக் கேட்காமல் இதை வாங்கக் கூடாது. துப்பத் தெரியாத, 6 வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு எந்த மவுத்வாஷும் வேண்டாம்.

மாங்காய் தின்பவர்களுக்குத் தனிக் குறிப்பு: புளிப்பு எனாமலை இளக்கிவிடும். உடனே பிரஷ் எடுத்தால் தேய்மானம். வெறும் தண்ணீரில் கொப்பளித்து, அரை மணி நேரம் பொறுத்துத் துலக்கலாம். செலவே இல்லாத மவுத்வாஷ் அது. ஈறு வீக்கத்துக்கு ஒரு டம்ளர் வெதுவெதுப்பான நீரில் அரை டீஸ்பூன் உப்பு தற்காலிக ஆறுதல் தரும்.

எந்தத் திரவமும் பிரஷ்ஷுக்கு ஈடல்ல; இறுகிப்போன காரையை அது கரைக்காது. ஆபத்து வேறிடத்தில். புகையிலை போடுபவரின் வாயில் வெள்ளைத் திட்டோ சிவப்புத் திட்டோ தெரிந்தால், புண் இரண்டு வாரமாகியும் ஆறாவிட்டால், வாயை முழுதாகத் திறக்க முடியாவிட்டால், அது புற்றுநோயின் முன்னறிவிப்பாக இருக்கலாம். புதினா மணத்தில் அதை மறந்து ஒரு சீசனைக் கடத்திவிடக் கூடாது. லோடு இறக்கியதும் போக வேண்டிய இடம் மருந்துக் கடையல்ல, டாக்டர் வீடு.