சீட்டு விழுந்தால் அமெரிக்கா!

சாரல் காலத்தில் குற்றாலம் பேரருவிக்குப் போனவர்களுக்கு வரிசை என்றால் என்ன என்று தெரியும். குளிக்க இடம் கொஞ்சம். கூட்டமோ அதிகம். ஆனாலும், காத்து நின்றவர்களுக்கு முறை வந்துவிடும்.

அமெரிக்க உத்தியோகத்துக்கு நிற்கும் வரிசை அப்படிப்பட்டது அல்ல. 2025-ம் ஆண்டில், நின்றவர்களில் பாதிக்கு மேற்பட்டவர்கள் தலை நனையாமலே திரும்பினார்கள்!

"பிள்ளையை அமெரிக்கா அனுப்பலாமா? வயலை ஈடு வைக்கலாமா?" தென்காசிப் பக்கம் பல வீடுகளில் இந்தப் பேச்சு நடக்கிறது. முடிவு செய்யும் முன்பு சட்டத்தைத் தெரிந்து கொள்வது நல்லது.

எத்தனை இடம்?

1946-ல் இந்தியர்கள் அமெரிக்காவில் குடியேற, ஆண்டுக்கு 100 பேருக்குத்தான் இடம் கொடுத்தார்கள். 1965-ல் அந்த முறை மாறியது.

இப்போது தொழில் தெரிந்தவர்கள் அங்கே வேலை பார்ப்பதற்கான விசாவுக்கு "எச்-1பி" என்று பெயர். ஆண்டுக்கு 65 ஆயிரம் இடம். அமெரிக்காவில் மேல் பட்டம் பெற்றவர்களுக்கு மேலும் 20 ஆயிரம். இது உலகம் முழுவதற்கும் சேர்த்து!

2025-ல் நடந்த குலுக்கலுக்கு சுமார் 3 லட்சத்து 44 ஆயிரம் பதிவுகள் வந்தன. தேர்வானவை சுமார் 1 லட்சத்து 20 ஆயிரம். சிலர் இடையில் விலகுவார்கள் என்பதால், இடத்தைவிடக் கூடுதலாகத் தேர்வு செய்கிறார்கள்.

யார் மனு செய்வது?

நாமாக மனு செய்ய முடியாது. வேலை கொடுக்கும் கம்பெனிதான் செய்ய வேண்டும். மார்ச் மாதம் பெயரைப் பதிய வேண்டும். சீட்டு விழுந்தால், ஏப்ரலில் தொடங்கி 90 நாளுக்குள் முழு மனு கொடுக்க வேண்டும். அக்டோபரில் வேலையில் சேரலாம்.

ஒருவருக்காகப் பல கம்பெனிகள் பதிந்தாலும், 2024 முதல் பாஸ்போர்ட்டை வைத்து ஒரே ஆளாகத்தான் கணக்கு. "பத்து கம்பெனி மூலம் போடுகிறேன், பணம் கொடு" என்று எந்தத் தரகராவது சொன்னால் நம்பாதீர்கள்!

புதிய சிக்கல்

2025 செப்டம்பரில் ஜனாதிபதி டிரம்ப் ஓர் உத்தரவு போட்டார். வெளிநாட்டிலிருந்து புதிதாக ஆள் எடுக்கும் கம்பெனி, ஒரு லட்சம் டாலர் கட்ட வேண்டும் என்றார். ஓராண்டுக்கு என்று போட்ட உத்தரவு அது. அமெரிக்காவில் படித்து, அங்கிருந்தபடியே விசா மாறுகிறவர்களுக்கு இந்தக் கட்டணம் இல்லை என்று பிறகு விளக்கம் வந்தது.

"அப்படியானால் படிக்க அனுப்பிவிடலாமே!" என்று தோன்றும்.

ஆனால், 2026-ல் குலுக்கல் முறையே மாறியது. சம்பளத்தை நான்கு படிகளாகப் பிரித்தார்கள். மேல்படிக்காரர் பெயருக்கு நான்கு சீட்டு. கீழ்ப்படிக்காரர் பெயருக்கு ஒரே சீட்டு. படித்து முடித்த பிள்ளைக்கு முதலில் கிடைப்பது பெரும்பாலும் கீழ்ப்படிதான். பெற்றோர் வாங்கிய பல லட்சம் ரூபாய் கடன், அந்த ஒரு சீட்டை நம்பி நிற்கிறது!

விசா கிடைத்தாலும் 6 ஆண்டுதான் பொதுவான கெடு. நிரந்தரமாகத் தங்க "கிரீன் கார்டு" வேண்டும். அதிலும் ஒரு நாட்டுக்கு 7 சதவீதம் என்று வரம்பு உண்டு. 2025-ல், பெரும்பாலான இந்தியர்கள் நிற்கும் பிரிவுகளில், 2013-ல் மனு செய்தவர்களுக்குத்தான் முறை வந்திருந்தது.

ஆயத்தம்

போகத் துணிந்தவர்கள் இப்போதே செய்ய வேண்டியவை சில உண்டு.

பாஸ்போர்ட்டிலும் சான்றிதழ்களிலும் பெயர் ஒன்றுபோல் இருக்கட்டும். நம் ஊர் இனிஷியலை ஓரிடத்தில் விரித்தும், ஓரிடத்தில் சுருக்கியும் எழுதினால் தொல்லை.

மூன்று ஆண்டு பட்டம் பெற்றவர்கள், வேலை அனுபவச் சான்றிதழ்களைப் பத்திரமாக வைக்க வேண்டும். குறைகிற ஓராண்டு படிப்புக்கு, மூன்று ஆண்டு அனுபவத்தை ஈடாகக் காட்டலாம்.

வேறு வழியும் உண்டு. தென்காசிக்கு அருகே மத்தளம்பாறையில், 2011-ல் ஜோஹோ கம்பெனி அலுவலகம் திறந்தது. இந்த ஊர்ப் பிள்ளைகள் அங்கே இருந்துகொண்டே உலகத்துக்கு மென்பொருள் செய்கிறார்கள். எல்லோருக்கும் அங்கே இடம் கிடைக்காதுதான். ஆனாலும், தொழில் கைவசம் இருந்தால் ஊரிலும் பிழைக்கலாம் என்பதற்கு அது சாட்சி.

பிள்ளையின் ஆசைக்குக் குறுக்கே நிற்க வேண்டாம். ஒரே ஒரு கேள்விக்கு வீட்டில் எல்லோரும் உட்கார்ந்து பதில் காணுங்கள்: "சீட்டு விழாவிட்டாலும் இந்தக் கடனை அடைக்க முடியுமா?"

முடியும் என்றால், பிறகு வயல் பத்திரத்தை வெளியே எடுங்கள்.