கண் பரிசோதனைக்காகக் கூலி போகக் கூடாது

வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் மாவட்டத் தோல், காலணித் தொழிலாளர்களின் சர்க்கரை நோய்க் கண் பரிசோதனை குறித்து எங்கள் அமைப்பின் நிலைப்பாடு

சுகர் இருப்பது தெரிந்தும், மாத்திரை சாப்பிட்டுக்கொண்டும், கண்ணை மட்டும் காட்டாமலேயே வருடங்களைக் கழிப்பவர்கள் இந்தப் பகுதியில் நிறையப் பேர். அவர்களுக்கு விழிப்புணர்வு இல்லை என்று சொல்லி நகர்ந்துவிடுவதை நாங்கள் ஏற்கவில்லை. அவர்களைத் தடுப்பது ஒரு நாள் கூலி.

ஆம்பூரில் ஷூ கம்பெனியில் அப்பர் (ஷூவின் மேல்பகுதி) தைக்கும் ஒரு பெண்ணின் கணக்கைப் பாருங்கள். மருத்துவமனையில் சொட்டு மருந்து விட்டு, கண் பாப்பா விரியும்வரை உட்கார வைப்பார்கள். அதன்பின் சில மணி நேரம் கிட்டத்தில் இருப்பது மங்கலாகத் தெரியும், வெளிச்சம் கூசும். ஊசி முனையைப் பார்த்துத் தைக்கிறவர் அன்றைக்கு மிஷினில் உட்கார முடியாது. அரை நாள் பர்மிஷன் கேட்டாலும் முழு நாள் போய்விடும். இ.எஸ்.ஐ. அட்டை இருக்கிறதே என்பார்கள். அதன் நோய்க்கால உதவித்தொகையில் முதல் இரண்டு நாள் காத்திருப்புக் காலம். ஒரு நாள் பரிசோதனைக்கு அதிலிருந்து ஒரு ரூபாய்கூட வராது. நன்றாகத் தெரிகிற கண்ணுக்காக இத்தனையையும் யார் இழப்பார்?

நன்றாகத் தெரிவதுதான் சர்க்கரை விழித்திரை நோயின் கொடுமை. விழித்திரையின் நுண்ணிய ரத்தக்குழாய்கள் கெட்டு, புதுக் குழாய்கள் முளைத்து, அவை உடைந்து கசியும்வரைகூடப் பார்வையில் குறை தெரியாமல் இருக்கலாம். அதற்குள் பிடித்துவிட்டால் காப்பாற்றலாம். லேசர் சிகிச்சை கடும் பார்வையிழப்பைப் பாதிக்கு மேல் குறைப்பதை அமெரிக்க ஆய்வு ஒன்று 1976-லேயே காட்டியது. இங்கிலாந்தில் 2003-ல் நாடு தழுவிய கண் பரிசோதனையைத் தொடங்கினார்கள். இங்கிலாந்து, வேல்ஸின் 2009-10 கணக்கில், உழைக்கும் வயதினரின் பார்வையிழப்புக்கு முதல் காரணம் என்ற இடத்திலிருந்து சர்க்கரை விழித்திரை நோய் இறங்கியிருந்தது. ஐம்பது ஆண்டுகளில் அதுவே முதல் முறை.

எனவே கேமரா தொழிலாளியிடம் வர வேண்டும். சொட்டு மருந்து இல்லாமலே விழித்திரையைப் படமெடுக்கும் கேமரா இப்போது உண்டு. ஒருவருக்குச் சில நிமிடம் போதும். படம் தெளிவாக வராதவர்களுக்கு மட்டும் சொட்டு மருந்து. 2025 நவம்பர் 21-ல் நடைமுறைக்கு வந்த தொழிலாளர் சட்டத் தொகுப்பு, 40 வயதைக் கடந்தவர்களுக்கு ஆண்டுதோறும் இலவச உடல் பரிசோதனை என்கிறது. சுகர் உள்ளவர்களுக்கு அதில் விழித்திரைப் படமும் சேர வேண்டும்: வேலை நேரத்தில், சம்பளத்தோடு. நாற்பதுக்குக் கீழே சுகர் வந்தவர்களையும் விடக் கூடாது. தமிழக அரசு 2024-ல் தொடங்கிய 'தொழிலாளரைத் தேடி மருத்துவம்' தொழிற்சாலைக்கே வந்து சுகரும் பிரஷரும் பார்க்கிறது. அந்தக் குழுவோடு ஒரு கேமராவும் வரட்டும்.

கூலியோடு ஒரு பயமும் இருக்கிறது, அதை யாரும் வெளியே சொல்வதில்லை. தோல் ஓரத்தைச் சீவும் ஸ்கைவிங்கும் தையலும் கண்ணை நம்பிய வேலை. முடிவு சூப்பர்வைசர் கைக்குப் போகும் என்றால் ஒருவரும் கேமரா முன் உட்கார மாட்டார்கள். உட்காராதது தப்பும் இல்லை. முடிவு தொழிலாளிக்கும் மருத்துவருக்கும் மட்டுமே தெரிய வேண்டும். எத்தனை பேரைப் பரிசோதித்தார்கள் என்ற எண்ணிக்கை நிர்வாகத்துக்குப் போதும். இதில் நாங்கள் விட்டுக்கொடுக்க மாட்டோம்.

கோளாறு தெரிந்தவருக்கு அன்றே சிகிச்சைத் தேதி கொடுக்க வேண்டும். வேலூரில் சி.எம்.சி.யின் ஷெல் கண் மருத்துவமனை இருக்கிறது. ஆம்பூரிலிருந்து ஏறத்தாழ ஐம்பது கிலோமீட்டர். அந்த நாளுக்கும் சம்பளம் உண்டு என்று கம்பெனிகள் எழுதித் தர வேண்டும்.

வீட்டில் உட்கார்ந்து பீஸ் கணக்கில் அப்பர் தைக்கும் பெண்களுக்குக் கம்பெனி வாசலே கிடையாது, இ.எஸ்.ஐ.யும் கிடையாது. அவர்கள் வீட்டுக்கு அரசின் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத் தன்னார்வலர் மாத்திரை கொண்டுவருகிறார். கடைசியாக எப்போது கண் பார்த்தீர்கள் என்று அவர் கேட்டுக் குறித்துக்கொள்ள வேண்டும். ஓராண்டைத் தாண்டியவர்களின் பட்டியல் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போனால், கேமரா அடுத்து எந்தத் தெருவுக்கு வர வேண்டும் என்பது தெரிந்துவிடும்.